டேங்க் கேர்ள் (1995): அடங்க மறுத்த நாயகியின் படம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேங்க் கேர்ள் எந்தப் படம்?

பிரிட்டனில் வெளிவந்த ஒரு காமிக்ஸ் தொடரை வைத்து ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட படம் இது. டெடி சராஃபியன் எழுதிய திரைக்கதையை ரேச்சல் டாலலே இயக்கினார். எம்.ஜி.எம். நிறுவனத்தின் யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பிரிவு 1995 மார்ச் 31 அன்று அமெரிக்காவில் இதை வெளியிட்டது. லோரி பெட்டி நாயகியாகவும், பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற நவோமி வாட்ஸ் அவளுடைய தோழியாகவும், மால்கம் மெக்டவல் வில்லனாகவும் நடித்திருக்கிறார்கள். சுமார் 2.5 கோடி டாலர் செலவில் உருவான படம், அமெரிக்கத் திரையரங்குகளில் 40 லட்சம் டாலர் அளவுக்கே வசூலித்தது. வணிகக் கணக்கில் இது முழுத் தோல்வி. ஆனாலும் அதன்பின் வந்த ஆண்டுகள் முழுவதும் இப்படத்தை விடாமல் திரும்பப் பார்ப்பவர்களும், இதற்காக வாதாடுபவர்களும், இதன் நாயகியைப் போல உடுத்திக்கொண்டு காமிக்ஸ் விழாக்களுக்குச் செல்பவர்களும் இருந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தப் பற்றுக்குப் போதிய காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கதை என்ன? (முடிவும் இங்கே சொல்லப்படுகிறது.)

வால்மீன் ஒன்று பூமியில் மோதியதால் பதினோரு ஆண்டுகளாக மழையே பெய்யாமல் போன உலகம், ஆண்டு 2033. மிஞ்சியிருக்கும் தண்ணீரையும் மின்சாரத்தையும் 'வாட்டர் அண்ட் பவர்' என்ற ஒரே நிறுவனம் தன் பிடியில் வைத்திருக்கிறது. அதன் தலைவன் கெஸ்லீ. நிறுவனத்துக்குத் தெரியாமல் தங்களுக்கென ஒரு நீராதாரத்தை வைத்துக்கொண்டு சிறு கூட்டமாக வாழ்பவர்களில் ஒருத்தி ரெபெக்கா. அவள்தான் டேங்க் கேர்ள். நிறுவனத்தின் படை அந்த வீட்டைத் தாக்கி, அவளுடைய காதலனைக் கொன்று, அவளையும் சாம் என்ற சிறுமியையும் பிடித்துச் செல்கிறது. சிறையில் விமானங்களைப் பழுதுபார்க்கும் கூச்ச சுபாவமுள்ள ஒருத்தியை ரெபெக்கா சந்திக்கிறாள். அவள்தான் ஜெட் கேர்ள். இருவரும் ஒரு டாங்கியையும் ஒரு ஜெட் விமானத்தையும் கைப்பற்றிக்கொண்டு தப்புகிறார்கள். 'ரிப்பர்கள்' எனப்படும், கங்காருவின் மரபணு கலந்து உருவாக்கப்பட்ட போர்வீரர்களோடு சேர்ந்து நிறுவனத்தை எதிர்க்கிறார்கள். இறுதியில் கெஸ்லீ மடிகிறான், சாம் மீட்கப்படுகிறாள், தண்ணீர் தடையின்றி ஓடத் தொடங்குகிறது. அந்தக் கடைசிக் கட்டத்தை நடிகர்களைக் கொண்டு எடுக்காமல் கார்ட்டூனாகவே வரைந்து காட்டியிருக்கிறார்கள்.

இந்த நாயகி எங்கே பிறந்தவள்?

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வொர்திங் என்ற ஊரில். அங்கே கலைக் கல்லூரியில் பழகிய ஜேமி ஹியூலெட், ஆலன் மார்ட்டின் என்ற இரு இளைஞர்களின் கைவண்ணம் அவள். ஹியூலெட் வரைந்தார், மார்ட்டின் எழுதினார். 1988-இல் தொடங்கப்பட்ட 'டெட்லைன்' என்ற இதழில் அவள் முதன்முதலாகத் தோன்றினாள். காமிக்ஸும் ராக் இசைச் செய்திகளும் ஒன்றாக வந்த அந்த இதழின் மனநிலையே அவளுடைய மனநிலையும் ஆனது. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் டாங்கிக்குள் குடியிருப்பவள், பியர் குடிப்பவள், வாய்க்கு வந்ததைப் பேசுபவள், பூகா என்ற கங்காருவைக் காதலனாகக் கொண்டவள். அந்தக் காமிக்ஸில் தொடர்ச்சியான கதை என்று எதையும் தேட முடியாது. பக்க ஓரங்களில் கிறுக்கல்களும் வசைகளும் பாடல் வரிகளும் சம்பந்தமில்லாத அறிவிப்புகளும் நிறைந்திருக்கும். கட்டத்துக்குள் இருப்பதைப் போலவே கட்டத்துக்கு வெளியே இருப்பதையும் வாசகர் படித்தாக வேண்டும்.

மார்கரெட் தாட்சர் ஆட்சியின் கடைசி ஆண்டுகள் அவை. தன்பாலீர்ப்பை உள்ளாட்சி அமைப்புகள் 'ஊக்குவிக்க'க் கூடாது என்று சொன்ன 'பிரிவு 28' 1988-இல் சட்டமானது. அதை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்கென்றே டேங்க் கேர்ள் படம் போட்ட சட்டைகள் அச்சிடப்பட்டன. எந்தக் கொள்கை அறிக்கையையும் கையில் ஏந்தாத ஒரு கிறுக்குப் பாத்திரத்தை அன்றைய இளம்பெண்கள் தங்களுடையவளாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அவள் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை என்பதே.

ஹாலிவுட்டுக்கு அவளைக் கொண்டுவந்தவர் யார்?

ரேச்சல் டாலலே. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். ஜான் வாட்டர்ஸ் இயக்கிய 'ஹேர்ஸ்ப்ரே' (1988), 'க்ரை-பேபி' (1990) ஆகிய படங்களின் தயாரிப்பாளர். பிறகு தாமே இயக்குநராகி, 1991-இல் 'ஃப்ரெடிஸ் டெட்' என்ற திகில் படத்தை எடுத்தார். அந்தப் படத்தின் காலத்தில்தான் இந்தக் காமிக்ஸ் அவர் கைக்கு வந்தது. படித்ததும் இதைப் படமாக்கியே தீர்வது என்று முடிவு செய்தார். பல நிறுவனங்களின் மறுப்புக்குப் பிறகே எம்.ஜி.எம். ஏற்றது. ஜான் வாட்டர்ஸின் படங்களைப் பார்த்தவர்களுக்கு, அழகின் இலக்கணத்துக்குள் அடங்காதவர்களை மேடையின் நடுவில் நிறுத்திக் கொண்டாடும் அந்தக் குணம் இப்படத்திலும் தொடர்வது எளிதில் விளங்கும்.

ஒரு காமிக்ஸ் படத்தைப் பெரிய ஸ்டுடியோ ஒன்று பெண் இயக்குநரிடம் ஒப்படைப்பது அந்தக் காலத்தில் அரிதினும் அரிது. பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய 'வொண்டர் வுமன்' வந்தது 2017-இல், அதாவது 22 ஆண்டுகள் கழித்து.

துப்பாக்கி ஏந்திய நாயகிகள் எத்தனையோ பேர் இருக்க, இவளை மட்டும் கலகக்காரி என்று ஏன் தனித்துச் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் படத்தின் மதிப்பே அடங்கியிருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பெண் அடங்காதவளாக இருப்பதற்குத் திரைப்படங்கள் வழக்கமாக ஒரு காரணத்தைக் கற்பிக்கும். அவளுக்கு ஒரு கொடுமை நேர்ந்திருக்கும். அந்தக் காயத்திலிருந்து கோபமும் கோபத்திலிருந்து வீரமும் பிறக்கும். பழி தீர்ந்தபின் அவள் தணிந்துவிடுவாள். இப்படத்திலும் ரெபெக்காவின் காதலன் கொல்லப்படுகிறான், வீடு அழிகிறது. ஆனால் அதற்கு முன்பே, படத்தின் முதல் நிமிடங்களில் மாட்டின் மேல் ஏறிப் பாலைவனத்தைக் கடந்து வரும்போதே, அவள் இப்படித்தான் இருக்கிறாள். பாதி மழித்த தலை, பொருந்தாத உடைகள், ஓயாத வாய், நம்மிடம் நேரடியாகக் கதை சொல்லும் துடுக்கு எல்லாம் அப்போதே இருக்கின்றன. துன்பம் அவளை உருவாக்கவில்லை. வந்த துன்பத்தால் அவளை மாற்றவும் முடியவில்லை. காயமே இல்லாமல், தன் இயல்பினாலேயே அடங்காமல் இருக்கும் உரிமையைத் திரைக்கதை அவளுக்கு முன்கூட்டியே வழங்கிவிடுகிறது. அந்த நாளின் ஹாலிவுட்டில் இது ஆண் நாயகர்களுக்கு மட்டுமே கிடைத்துவந்த சலுகை.

அடுத்தது, அவளுடைய நகைச்சுவை செய்யும் வேலை. கெஸ்லீ எப்பேர்ப்பட்டவன் என்பதைப் படம் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. தன் அதிகாரி ஒருவனை உடைந்த கண்ணாடித் துண்டுகளின் மேல் வெறுங்காலோடு நடக்கவைத்து, பிறகு உடலின் நீர் முழுவதையும் உறிஞ்சும் கருவியை அவன் முதுகில் செருகி, புட்டியில் சேர்ந்த அந்த நீரைக் கெஸ்லீ அமைதியாகப் பருகுகிறான். அப்படிப்பட்டவன் முன்னால் கட்டுண்டு நிற்கும்போதும் ரெபெக்கா கேலி பேசுகிறாள். அவளை இறுக்கமான குழாய்க்குள் அடைக்கிறான், குளிரில் போடுகிறான், பிறகு வேலை தருவதாக ஆசை காட்டுகிறான். அவனுக்கு வேண்டியது அவளுடைய உயிர் அன்று. அவள் ஒருமுறையேனும் அஞ்சிப் பேச வேண்டும், அவ்வளவே. கிடைப்பதோ இன்னொரு மட்டமான நகைச்சுவை. அந்த நகைச்சுவைகளில் பாதி சிரிப்பை வரவழைக்காது என்பது உண்மைதான். ஆனால் அவை நம்மைச் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லப்படுவன அல்ல, அவனுக்குப் பணிய மறுப்பதற்காகச் சொல்லப்படுவன. இதை மனத்தில் கொண்டு பார்க்கும்போது, எரிச்சலூட்டியதாகப் பலர் சொல்லும் அதே காட்சிகள் முற்றிலும் வேறாகத் தெரியும்.

மூன்றாவதாக, 'லிக்விட் சில்வர்' என்ற கேளிக்கை விடுதிக் காட்சி. பெண்களை விற்கும் அந்த இடத்துக்குள் சாமைத் தேடி நுழையும் ரெபெக்கா, ஓர் ஒப்பனை அறைக்குள் சிக்கிக்கொள்கிறாள். வாடிக்கையாளரைக் கவர எந்த விக்கை அணிய வேண்டும், எதைப் பூச வேண்டும், எப்படி உடுத்த வேண்டும் என்று ஒரு பதிவுக் குரல் படிப்படியாகப் பாடம் நடத்துகிறது. அவள் ஒவ்வொரு படியையும் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் தன் மனம்போனபடி செய்கிறாள். அறையை விட்டு வெளியே வருபவள் அந்த விடுதி கேட்ட பெண்ணே இல்லை. அங்கிருந்த பொருட்களைக் கொண்டே தன்னை இன்னும் கூடுதலாகத் தானாக்கிக்கொண்ட ஒருத்தி. அலங்காரத்தை வெறுக்காமல், அலங்காரம் யாருக்காக என்பதை மட்டும் மாற்றிவிடுகிறாள். வசனமாக யாரும் எதையும் விளக்காத அந்தச் சில நிமிடங்களை நான் படத்தின் உச்சமாகவே கருதுகிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவில் அவள் திருந்துவதில்லை. குடும்பத்துக்குள்ளோ, பொறுப்பான பதவிக்குள்ளோ, யாருடைய மனைவி என்ற நிலைக்குள்ளோ அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் படம் முயல்வதில்லை. கடைசிக் கார்ட்டூனில் அவள் வெள்ளத்தில் டாங்கியை ஓட்டுகிறாள். பின்னால் பூகா நீர்ச்சறுக்கு ஆடியபடி இழுபட்டு வருகிறான். அருவியின் விளிம்பைக் கண்டதும் அவள் கூவிக்கொண்டே பாய்கிறாள்.

ஜெட் கேர்ளுக்கு இதில் என்ன இடம்?

முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது அவளைத்தான். ரெபெக்கா மாறாதவள் என்பதால், மாற்றம் என்ற ஒன்று கதையில் நிகழ வேண்டுமானால் அது ஜெட்டிடம்தான் நிகழ முடியும். கண்ணாடி அணிந்து, குரல் தாழ்த்தி, சார்ஜென்ட் ஸ்மால் என்ற அதிகாரியின் பாலியல் சீண்டலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருப்பவளாக அவளை முதலில் காண்கிறோம். அந்தச் சீண்டலின் நடுவே ரெபெக்கா புகுந்து, இவள் என் காதலி என்று சொல்லி எல்லோர் முன்னிலையிலும் முத்தமிட்டு அவனை விரட்டுகிறாள். சிரிப்புக்காக வைத்த காட்சி போலத் தோன்றினாலும், ஒருத்தியை இன்னொருத்தி காப்பாற்றும் முறையாக 1995-இன் வணிகப் படம் ஒன்று இதைக் காட்டியது சிறிய செய்தி அன்று. அதன்பின் ஜெட் சிறிது சிறிதாகக் குரல் உயர்த்தத் தொடங்குகிறாள்; இறுதிச் சண்டையில் ஸ்மாலை அவளே முடிக்கிறாள். நவோமி வாட்ஸ் இந்த மாற்றத்தை உரத்த அசைவுகள் எதுவும் இல்லாமல், தோள்களையும் பார்வையையும் கொண்டே செய்துகாட்டியிருக்கிறார். 'மல்ஹாலண்ட் டிரைவ்' (2001) படத்தின் மூலம் உலகம் அவரைக் கண்டுகொள்ள இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

இரு பெண்களுக்கும் இடையே ஓர் ஆணுக்கான போட்டி இல்லை, பொறாமை இல்லை, துரோகம் இல்லை. நட்பு நட்பாகவே கடைசிவரை போகிறது.

லோரி பெட்டியின் நடிப்பு மிகையாக இல்லையா?

மிகைதான், பாத்திரம் அதைக் கேட்கிறது. 'பாயிண்ட் பிரேக்' (1991), 'எ லீக் ஆஃப் தெயர் ஓன்' (1992) ஆகியவற்றில் அவரைக் கண்டவர்களுக்கு, அடக்கி நடிக்கவும் அவருக்குத் தெரியும் என்பது தெரியும். இங்கே அவர் ஒரு வரைபடப் பாத்திரத்துக்கு உடல் தர வேண்டியிருந்தது. ஹியூலெட்டின் கோடுகளில் டேங்க் கேர்ள் ஒரு கட்டத்திலும் நேராக நிற்பதில்லை; பெட்டியும் ஒரு காட்சியிலும் நேராக நிற்பதில்லை. குரலை இழுப்பது, வாக்கியத்தின் நடுவில் திடீரென வேறொரு பாத்திரத்தின் தொனிக்குத் தாவுவது, முகத்தைக் கோணலாக்குவது என்று அவர் செய்பவை எல்லாம் ஒரு கார்ட்டூனின் தாளத்தில் அமைந்தவை. அதை அரைகுறையாகச் செய்திருந்தால் படமே நின்றிருக்காது.

கங்காரு வீரர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறதே?

வரலாம். ஆனால் அந்த முகங்களைச் சற்று நிதானித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஸ்டான் வின்ஸ்டனின் ஸ்டுடியோ அவற்றைச் செய்தது. 'ஏலியன்ஸ்', 'டெர்மினேட்டர் 2', 'ஜுராசிக் பார்க்' ஆகிய படங்களின் உருவங்களைச் செய்த அதே ஸ்டுடியோ. படத்தின் மீது கொண்ட விருப்பத்தால் அவர்கள் தங்கள் வழக்கமான கட்டணத்தைப் பெருமளவு குறைத்துக்கொண்டு பணியை ஏற்றார்கள். நடிகரின் கண்ணும் வாயும் தெரியும்படி ஒட்டப்பட்ட அந்த ஒப்பனையின் காதுகளையும் வால்களையும் இயந்திரங்கள் அசைத்தன. பூகாவாக வரும் ஜெஃப் கோபரின் தயக்கமும் குழந்தைத்தனமும், டீ-செயின்ட்டாக வரும் ராப் பாடகர் ஐஸ்-டியின் சிடுசிடுப்பும் அந்த ஒப்பனையைத் தாண்டித் தெளிவாக வெளிப்படுகின்றன. கணினி வரைகலை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதற்குச் சற்று முன்பு, கையால் செய்த உருவங்களில் ஒரு பட்டறை எட்டிய உயரத்துக்கு அவை சான்று.

படத்தின் தோற்றத்தை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

அழிந்த உலகம் என்றாலே பழுப்பும் துருவும்தான் என்ற வழக்கத்தை இப்படம் ஏற்கவில்லை. கலை இயக்கம் கேத்தரின் ஹார்ட்விக். பின்னாளில் 'தர்ட்டீன்' (2003), 'ட்வைலைட்' (2008) ஆகியவற்றை இயக்கியவர். உடைகள் ஆரியான் பிலிப்ஸ். நியூ மெக்சிகோவின் வெண்மணல் பரப்பும், அரிசோனாவின் டூசான் அருகே உள்ள திறந்தவெளிச் சுரங்கமும் படப்பிடிப்புக் களங்கள். லிக்விட் சில்வர் விடுதியை ஃபீனிக்ஸ் நகரில் கைவிடப்பட்ட ஒரு வணிக வளாகத்துக்குள் அமைத்தார்கள். மூடிக் கிடந்த கடைத்தெரு ஒன்று நுகர்வின் கோவிலாக மறுபிறவி எடுத்தது பொருத்தமான தேர்வு.

அந்த டாங்கியைப் பற்றித் தனியே ஒரு சொல் சொல்ல வேண்டும். அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து எம்5ஏ1 ஸ்டூவர்ட் வகை. அதன் சிறிய பீரங்கி பெரிதாகத் தோன்றுவதற்காகக் கொடிக்கம்பம் ஒன்றைக் குழலாக மாற்றிப் பொருத்தினார்கள்; 1969-ஆம் ஆண்டின் கேடிலாக் எல்டொராடோ கார் ஒன்றை வெட்டி, அதன் உடற்பகுதிகளை டாங்கியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் பற்றவைத்தார்கள். போர்க்கருவி ஒன்று உல்லாச வண்டியாகவும் வீடாகவும் ஆகிவிட்டது. ரெபெக்கா தன் உடைகளில் செய்வதைத்தான் கலைக்குழு இந்த இரும்பிலும் செய்திருக்கிறது: அகப்பட்டதை எடு, உனக்குப் பிடித்ததாக மாற்று.

பாடல்கள் யாருடைய தேர்வு?

ஹோல் இசைக்குழுவின் கோர்ட்னி லவ் பாடல் தொகுப்பை ஒருங்கிணைத்தார். பின்னணி இசை கிரேம் ரெவெல். பியோர்க்கின் 'ஆர்மி ஆஃப் மீ', போர்ட்டிஸ்ஹெட்டின் 'ரோட்ஸ்', எல்7, வெருக்கா சால்ட், பெல்லி, ஹோல், டீவோ என்று பட்டியல் நீள்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் எழுந்த 'ரையட் கேர்ல்' என்ற பெண்களின் பங்க் இசை இயக்கத்தின் சூட்டை இந்தத் தொகுப்பு அப்படியே தாங்கியிருக்கிறது. படம் ஓடாதபோதும் இசைத்தட்டு தனக்கெனக் கேட்பவர்களைத் தேடிக்கொண்டது.

இவற்றுக்கிடையே முற்றிலும் எதிர்பாராத ஒன்றும் உண்டு. லிக்விட் சில்வரின் தலைவியைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி, கோல் போர்ட்டர் 1928-இல் எழுதிய 'லெட்ஸ் டூ இட்' என்ற காதல் பாடலைப் பாடும்படி ரெபெக்கா கட்டளையிடுகிறாள். விடுதி முழுவதும் ஆடத் தொடங்கிவிடுகிறது. மீட்புப் பணிக்கு வந்த இடத்தில் இது என்ன ஆட்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விற்பனைச் சரக்காக நிறுத்தப்பட்டிருந்த பெண்கள் சில நிமிடங்கள் தங்களுக்காக ஆடுகிறார்கள் என்று பார்த்தால், அதுவும் மீட்புப் பணியின் பகுதியாகவே தெரிகிறது.

இவ்வளவு இருந்தும் படம் ஏன் தோற்றது?

ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. யாருக்கான படம் என்பதைத் தயாரித்த நிறுவனமே முடிவு செய்யவில்லை என்பது முதன்மையானது. இளைஞர்களைக் கவரக்கூடிய துடுக்குத்தனத்தை விரும்பி வாங்கியவர்கள், சோதனைத் திரையிடல்களுக்குப் பின் அதே துடுக்குத்தனத்தைக் கண்டு அஞ்சினார்கள். பூகாவுக்கும் ரெபெக்காவுக்கும் இடையேயான காதல் காட்சி வெட்டப்பட்டது. பாலியல் விளையாட்டுப் பொருட்கள் நிறைந்த அவளுடைய அறை உட்படப் பல பகுதிகள் நீக்கப்பட்டன. மழை பெய்வதாக நடிகர்களை வைத்து எடுத்த முடிவும் போயிற்று. இவ்வளவு வெட்டிய பிறகும் படத்துக்கு 'ஆர்' சான்றிதழே கிடைத்ததால், 17 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் துணையின்றிப் பார்க்க முடியவில்லை. ஆக, துணிச்சலை விரும்பியவர்களுக்கு அது குறைந்துபோனது. இளையவர்களுக்குக் கதவே திறக்கவில்லை.

விமர்சகர்களும் பெரிதாக உதவவில்லை. ரோஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டு நட்சத்திரங்கள் தந்தார். படத்தின் முயற்சியையும் ஆற்றலையும் ஒப்புக்கொண்டு, ஆனால் தம்மால் அதில் மனம் ஒன்ற முடியவில்லை என்றார். அது நேர்மையான விமர்சனம். அந்த ஆற்றல் யாருக்காகச் செலவிடப்பட்டது என்பதை உணர்ந்தவர்கள், அன்று விமர்சகர்களின் நாற்காலிகளில் அதிகம் இல்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடுநடுவே காமிக்ஸ் கட்டங்களும் கார்ட்டூனும் வருவது ஏன்?

ஒரு பகுதி திட்டமிட்ட பாணி. இன்னொரு பகுதி கட்டாயம். எடுக்க முடியாமல் போன காட்சிகளின் இடத்தை வரைபடங்களைக் கொண்டு நிரப்பினார்கள். முக்கியமான பத்துக் காட்சிகளையாவது எடுக்காமல் விட்டுவிட்டதால் அவற்றைக் கார்ட்டூனாக்க வேண்டியதாயிற்று என்று ஹியூலெட்டே பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். இருந்தாலும் விளைவு ஒட்டுப்போட்டதாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்க ஓரத்துக் கிறுக்கல்களால் ஆன ஒரு காமிக்ஸுக்கு, திடீரென வரைபடமாக மாறிவிடும் படத்தைவிட நெருக்கமான திரைவடிவம் வேறு எது? ஒரு காட்சியில் டாங்கி கிளம்பும். வெட்டினால் ஹியூலெட்டின் மையில் அதே டாங்கி பறக்கும். மறுபடி வெட்டினால் மணலில் வந்து நிற்கும். காமிக்ஸின் கட்ட அமைப்பைத் திரையில் கொண்டுவர அதன்பின் பல படங்கள் பெரும் பொருட்செலவில் முயன்றன. இங்கே அது பற்றாக்குறையின் நடுவே நிகழ்ந்தது.

காமிக்ஸை உருவாக்கியவர்களுக்கே படம் பிடிக்கவில்லை என்கிறார்களே?

உண்மை. ஹியூலெட்டும் மார்ட்டினும் தங்கள் அதிருப்தியை மறைத்ததில்லை. 'டெட்லைன்' இதழும் 1995-இலேயே நின்றுபோனது. அவர்களுடைய வருத்தம் நியாயமானது: கதையே வேண்டாம் என்று இருந்த ஒரு படைப்புக்குத் தொடக்கம், நடு, முடிவு எல்லாம் தைக்கப்பட்டன, ஆஸ்திரேலியப் பாலைக்குப் பதில் அமெரிக்கப் பாலையில் படம்பிடிக்கப்பட்டது. ஆனால் மூலப் படைப்பாளியின் அதிருப்தி ஒரு படத்தின் மீதான கடைசித் தீர்ப்பு ஆகிவிடாது. அவர்கள் வரைந்தது எல்லாவற்றையும் கேலி செய்யும் இரு இளைஞர்களின் விளையாட்டு. டாலலே எடுத்ததோ அந்த விளையாட்டை ஒரு பெண் கையில் வாங்கினால் அது என்னவாகும் என்பதை. இரண்டும் வெவ்வேறு பொருட்கள்; இரண்டையும் நேசிக்க இடமிருக்கிறது.

அப்படியானால் படத்தில் குறையே இல்லையா?

நிறைய உண்டு. ரிப்பர்களின் மறைவிடத்துக்குச் சென்றபின் கதை வேகம் இழந்து, ஒரே இடத்தில் வெகுநேரம் உழல்கிறது. இறுதிச் சண்டை இருளில் குழப்பமாக எடுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சம் என்ற பெரும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, தாகத்தை நாம் உணரும்படியான காட்சிகளை மிகக் குறைவாகவே தந்திருக்கிறார்கள்.

இவற்றைவிட என்னை உறுத்துவது சாம் என்ற சிறுமியின் பாத்திரம். ஸ்டேசி லின் ராம்சோவர் நன்றாகவே நடித்திருக்கிறார். பிழை அவருடையது அன்று. அடங்காத பெண் ஒருத்தியை மக்கள் ஏற்க வேண்டுமானால் அவளுக்குள் ஒரு தாய் இருப்பதைக் காட்டியாக வேண்டும் என்ற பழைய அச்சம் அந்தக் கிளைக்கதையில் தெரிகிறது. காமிக்ஸின் டேங்க் கேர்ளுக்கு இப்படி ஒரு நற்சான்றிதழ் தேவைப்பட்டதில்லை. மற்றெல்லா இடங்களிலும் அவளை விளக்காமல் விட்ட படம், இந்த ஓர் இடத்தில் மட்டும் அவளுக்காக மன்னிப்புக் கோருகிறது.

கல்ட் படமாக அது எப்படி மாறியது?

திரையரங்கில் தவறவிட்டவர்கள் வீடியோ கடைகளிலும் பின்னிரவுத் தொலைக்காட்சியிலும் கண்டெடுத்தார்கள். குறிப்பாக, தங்களைப் போல ஒருத்தியைத் திரையில் முதன்முறையாகக் கண்டதாக உணர்ந்த பெண்களும் தன்பாலீர்ப்பாளர்களும் இதை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டார்கள். 2013-இல் ஷவுட் ஃபேக்டரி நிறுவனம், டாலலேயும் பெட்டியும் சேர்ந்து பேசிய உரையோடு ப்ளூ-ரே வட்டை வெளியிட்டது. எத்தகைய சூழலில் எது வெட்டப்பட்டது என்பதை இருவரும் நேரில் சொல்லக் கேட்பது, படத்தைப் பார்ப்பதற்கு ஈடான அனுபவம். கிடைத்தால் அந்தப் பதிப்பையே தேர்ந்தெடுங்கள்.

இதை எடுத்தவர்கள் பின்னர் என்ன ஆனார்கள்?

ஹியூலெட், பாடகர் டேமன் ஆல்பனோடு சேர்ந்து 'கொரில்லாஸ்' என்ற வரைபட இசைக்குழுவை உருவாக்கி உலகப்புகழ் பெற்றார். பெட்டி 'தி போக்கர் ஹவுஸ்' (2008) என்ற படத்தைத் தாமே இயக்கினார். அதில் இளம் ஜெனிஃபர் லாரன்ஸ் நடித்தார். இந்தத் தோல்விக்குப் பின் டாலலேக்குப் பெரிய ஸ்டுடியோக்களின் படங்கள் வரவில்லை. அதே காலத்தில் தோல்விப் படம் எடுத்த ஆண் இயக்குநர்கள் பலருக்கு அடுத்த வாய்ப்பு எளிதாகவே கிடைத்தது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. அவர் தொலைக்காட்சியில் உழைத்து மேலே வந்தார். 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டனின் அறிவியல் புனைகதைத் தொடரில் 2015-இல் அவர் இயக்கிய 'ஹெவன் சென்ட்' என்ற பகுதி, அத்தொடரின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகப் பலராலும் போற்றப்படுகிறது. ஏறத்தாழ ஒரே நடிகரைக் கொண்டு, ஒரே கோட்டைக்குள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நடக்கும் கதை அது. டேங்க் கேர்ளைப் பிடித்தவர்கள் அடுத்ததாக அதைப் பார்க்கலாம்.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

சிறு குழந்தைகளோடு வேண்டாம். வசைச் சொற்களும் பாலியல் கேலியும் வன்முறையும் படம் முழுக்க உண்டு. சிறுமி ஒருத்தியை அச்சுறுத்தும் காட்சிகளும் உள்ளன. பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் வீட்டில் இருந்தால், பெற்றோர் முதலில் தாங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்த வயதில் இதைப் பார்த்தவர்கள்தான் இன்றும் இப்படத்தின் மிகத் தீவிரமான ரசிகர்களாக இருக்கிறார்கள்.